இன்னும் ஒரே ஒரு கட்டம்

எங்க கள்ளக்குறிச்சி பக்கம் யாரையாவது நிறுத்தி, "சந்தோஷமா இருக்கீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க. "ஏதோ ஓடுதுப்பா"ன்னுதான் பதில் வரும். மலையேறி கல்வராயன்ல வெள்ளிமலைக்குப் போய்க் கேட்டாலும் இதேதான். நல்லா இருக்கிறவரும் அதையே சொல்வார், நொந்துபோனவரும் அதையே சொல்வார். இதை வச்சு எதை அளக்கிறது?

உலக மகிழ்ச்சி அறிக்கைன்னு வருஷா வருஷம் ஒண்ணு வருதே, அதுலயும் இதே சிக்கல்தான். பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும் ஒரு ஏணி, நீங்க எந்தப் படியில நிக்கிறீங்கன்னு கேள்வி. மொத்த வாழ்க்கைக்கும் ஒரே மார்க்!

2004-ல டேனியல் கானமன் குழு இதை வேற மாதிரி செஞ்சாங்க. டெக்சாஸ்ல வேலைக்குப் போற 909 பெண்கள்கிட்ட, நேத்தைய நாளை டைரி மாதிரி எழுதச் சொன்னாங்க. சினிமா சீன் பிரிக்கிற மாதிரி நாளைப் பிரிச்சு, ஒவ்வொரு சீன்லயும் எரிச்சலா, அசதியா, சந்தோஷமான்னு மார்க் போடணும். காலையில வேலைக்குப் போற பயணம் பட்டியல்ல கிட்டத்தட்ட கடைசி. மனுஷங்களோட உட்கார்ந்து பேசுற நேரம் மேல. எங்கே வலிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு இல்லையா?

நம்ம நாட்டுல பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்சிருக்கு. 1998-99-ல அரசாங்கம் ஆறு மாநிலங்கள்ல மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறாங்கன்னு கணக்கெடுத்தது. அதுல தமிழ்நாடும் ஒண்ணு. அப்புறம் 2019-லயும் 2024-லயும் நாடு முழுக்க எடுத்தாங்க. விடிகாலை 4 மணியிலேர்ந்து மறுநாள் 4 மணி வரைக்கும், அரை மணிக்கு அரை மணி என்ன செஞ்சீங்கன்னு கேள்வி. 2024 கணக்குப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில இறங்குற பெண்களுக்கு நாளைக்கு 289 நிமிஷம் அதுலயே போகுது, ஆண்களுக்கு 88.

சரி, அந்த 289 நிமிஷம் எப்படி இருந்துச்சு? அதுக்குக் கட்டமே இல்லை.

மரவள்ளிக் காட்டுல நாலு பேரோட கதை பேசிக்கிட்டே களை எடுக்கிறதும் ஒரு மணி நேரம்தான். காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு, கீழே இறங்குற பஸ்ஸுக்குக் காத்திருக்கிறதும் ஒரு மணி நேரம்தான். கடிகாரத்துக்கு ரெண்டும் ஒண்ணு. அந்த அம்மாவுக்கு?

என் கட்சி ரொம்ப சிம்பிள். அதே படிவத்துல "அப்போ மனசு எப்படி இருந்துச்சு?"ன்னு இன்னும் ஒரு கட்டம் போடுங்க.

ஒரே நிபந்தனை, யார் எழுதினதுன்னு வெளியில தெரியக் கூடாது. ஒரு கம்பெனியில தினமும் சாயங்காலம் மூஞ்சி பொம்மையை க்ளிக் பண்ணச் சொன்னாங்க. ரிப்போர்ட் மேனேஜருக்குப் போகுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே எல்லாரும் சிரிக்கிற பொம்மைக்கு மாறிட்டோம். அப்ரைசல் மாசத்துல ஒரே ஆனந்தத் தாண்டவம் :-) வீட்லயும் அப்படித்தான். மாமியார் பக்கத்துல உட்கார்ந்திருந்தா எந்த மருமகள் உண்மையைச் சொல்லும்? தனியாக் கேக்கணும், பேரை எழுதக் கூடாது.

மனசை நம்பர்ல அடைக்க முடியுமான்னு கேப்பீங்க. முழுசா முடியாதுதான். ஆனா மலைக்கு எத்தனை மணிக்கு பஸ் விடுறதுன்னு முடிவு பண்ற மேஜையில, காத்திருந்தவங்க மனசும் ஒரு வரியா இருக்கட்டுமே. நீங்க என்ன சொல்றீங்க?