ரத்தத்துல வரணுமாம்ல!

"படிப்பெல்லாம் ரத்தத்துல வரணும் தம்பி!" கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பொட்டி தட்டுறதால இந்த வசனத்தை அடிக்கடி கேட்டுடறேன். கான்ட்ராக்ட் தொழிலாளி மகன் பாலிடெக்னிக் சேர்றான்னா போதும், யாராவது ஒருத்தர் எடுத்து விடுவாரு. கேட்டா, இரட்டைப் பிள்ளைங்களை வச்சு சயின்ஸே நிரூபிச்சிருக்காம்ல!

சரி, சயின்ஸ் என்னதான் சொல்லுச்சு? மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல தாமஸ் புஷார்டுன்னு ஒரு பேராசிரியர். சின்ன வயசுலயே பிரிஞ்சு வேற வேற வீட்டுல வளர்ந்த இரட்டையர்களை 1979லேருந்து தேடிப் பிடிச்சு சோதிச்சார். ஐ.க்யூ. வித்தியாசத்துல சுமார் 70 சதவீதம் மரபணு சம்பந்தப்பட்டதுன்னு 1990ல 'சயின்ஸ்' இதழ்ல எழுதினாங்க. நம்மாளுங்க இதோட புத்தகத்தை மூடிடறாங்க. நிஜமான வறுமையில வளர்ந்தவங்க இந்த ஆய்வுல ரொம்பக் கம்மி, அதனால அந்த மாதிரி சூழ்நிலைக்கு இந்தக் கணக்கை நீட்டாதீங்கன்னு அதே கட்டுரையிலயே இருக்கு.

அப்ப நம்ம மாதிரி நாட்டுல? பக்கத்து இலங்கையில ஒரு மனநல மருத்துவர் இறங்கி வேலை பார்த்தார். பேரு அதுல சுமதிபால. 1997ல இரட்டையர் பதிவேடு ஒண்ணை ஆரம்பிச்சார். அப்புறம் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆராய்ச்சியாளர்களோட சேர்ந்து கொழும்பு மாவட்டத்துல சுமார் 4,000 இரட்டையர்களை ஆய்வு செஞ்சாங்க. அச்சு அசலா ஒரே மரபணு உள்ள ஜோடி, பாதி மட்டும் ஒத்துப்போற ஜோடி, இதுல எது அதிகமா ஒத்துப்போகுதுன்னு பார்க்கறதுதான் முறை. டிப்ரஷன் பத்தி 2009ல வந்த முடிவு சுவாரசியம். பெண்கள்கிட்ட மரபணுவோட பங்கு கணிசம். ஆண்கள்கிட்ட கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்லை! ஒரே ஊரு, ஒரே நோய், ரெண்டு விடை.

என் கட்சி இதுதான். அந்த சதவீதம் ஒரு கூட்டத்துக்குள்ள இருக்கற வித்தியாசத்தோட கணக்கு. தனி ஆளோட தலையெழுத்து இல்ல. சூழ்நிலை மாறினா கணக்கும் மாறும். நம்ம திருவள்ளூர் பக்கம் ஒரே மூட்டை விதைநெல்லை ரெண்டு வயல்ல விதைங்க. ஒண்ணுக்கு ஏரித் தண்ணி, இன்னொண்ணு வானம் பார்த்த பூமி. மகசூல் குறைஞ்சா விதையைத் திட்டுவீங்களா?

நல்ல ஸ்கூல், வயித்துக்கு சோறு, படிக்க ஒரு மூலை. இதெல்லாம் கான்ட்ராக்ட் தொழிலாளி மகனுக்கும், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம்ல வளர்ற பொண்ணுக்கும் மத்த பிள்ளைங்க மாதிரியே கிடைக்கட்டும். ரத்தப் பரிசோதனையை அப்புறமா வச்சுக்கலாம். என்ன சொல்றீங்க மக்களே?