டீ 15, மெட்ரோ 32... மீதிச் சில்லறையைச் சேர்த்தே ஊட்டி போக முடியுமா?

காலையில டீ 15 ரூபாய். மெட்ரோ டிக்கெட் 32. மதியச் சாப்பாடு 110. மெடிக்கல் ஷாப்பில் 247. ராத்திரி வீடு திரும்ப ஆட்டோ 176. தண்ணீர் கேன் 40. போன வாரம் செவ்வாய்க்கிழமை என் போனில் இருந்து போன பணம் இவ்வளவுதான். ஆறு ஸ்கேன், மொத்தம் 620 ரூபாய்.

இப்போ ஒரு சின்ன விளையாட்டு. ஒவ்வொரு தொகையையும் அடுத்த பத்துக்கு உயர்த்திப் பாருங்க. 15 என்பது 20 ஆகும்போது மீதி 5. 32 என்பது 40 ஆகும்போது மீதி 8. மருந்துக் கடையில் 3, ஆட்டோவில் 4. சாப்பாடும் தண்ணீர் கேனும் ஏற்கெனவே பூஜ்ஜியத்தில் முடிவதால் அங்கே ஒன்றும் இல்லை. கூட்டினால் 20 ரூபாய்.

இதற்குப் பெயர்தான் 'ரவுண்ட்-அப்' சேமிப்பு. யுபிஐயில் நீங்கள் செலவு செய்யும் ஒவ்வொரு முறையும் மீதிச் சில்லறையைக் கணக்கிட்டு, அதை உங்கள் வங்கிக் கணக்கில் இருந்து தானாக எடுத்து ஒதுக்கி வைக்கும் ஆப்கள் இந்தியாவில் சில வருடங்களாகவே இருக்கின்றன. 'தெரியாமலே சேருது, வருஷக் கடைசியில டூர் போயிடலாம்' என்பதுதான் இதன் கவர்ச்சி. அது எவ்வளவு தூரம் உண்மை? ஊட்டி வரைக்குமா, இல்லை தாம்பரம் வரைக்குமா?

உண்டியல் ஏன் வேலை செய்தது?

மண் உண்டியலை நினைத்துப் பாருங்கள். அதில் யாரும் 'சேமிக்க வேண்டும்' என்று முடிவெடுத்துப் பணம் போடவில்லை. கண்டக்டர் கொடுத்த மீதி, மளிகைக் கடையில் கிடைத்த மீதி எல்லாம் சட்டைப் பையில் கனக்கும். ராத்திரி சட்டையைக் கழற்றும்போது அதை எங்காவது போட்டாக வேண்டும். போடுவதற்கு ஓர் ஓட்டை இருந்தது, எடுப்பதற்கு வழி இல்லை. உடைத்தால்தான் பணம். அந்தத் தடைதான் உண்டியலின் முழு ரகசியமும்.

2016-ல் யுபிஐ வந்தது. அதே வருடம் நவம்பரில் பணமதிப்பிழப்பும் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. 247 ரூபாய் என்றால் சரியாக 247 போகிறது. மீதி என்ற ஒன்றே உருவாவதில்லை. சில்லறை இல்லை என்று கடைக்காரர் கையில் திணிக்கும் சாக்லேட்டும் காணாமல் போனது. (அந்த சாக்லேட்டை யாராவது விரும்பிச் சாப்பிட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.)

அதாவது வசதி கூடியபோது, நம்மை அறியாமல் நடந்துகொண்டிருந்த ஒரு சேமிப்பு நின்றுபோனது. ரவுண்ட்-அப் ஆப்கள் அந்த மீதியைச் செயற்கையாக மறுபடி உருவாக்குகின்றன. யோசனை நல்ல யோசனைதான்.

அங்கே சரி, இங்கே?

இந்த யோசனை பிறந்தது அமெரிக்காவில். பேங்க் ஆஃப் அமெரிக்கா 2005-ல் 'கீப் த சேஞ்ச்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. டெபிட் கார்டில் செலவு செய்தால், அடுத்த முழு டாலர் வரைக்குமான சென்ட்டுகள் சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். பிறகு 'ஏகார்ன்ஸ்' மாதிரியான ஆப்கள் அதே சில்லறையை முதலீட்டுக்குத் திருப்பிவிட்டன.

அங்கே இது நன்றாகப் பொருந்தியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கு பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி பில்லின் கடைசியில்தான் சேரும். அதனால் தொகை எப்போதும் 3 டாலர் 57 சென்ட் என்று கோணல்மாணலாகவே வரும். ஒவ்வொரு முறையும் மீதி இருக்கும். (அந்த அமெரிக்காவே 2025 நவம்பரில், புழக்கத்துக்கான ஒரு சென்ட் நாணயம் அடிப்பதை நிறுத்திவிட்டது.)

நம்ம ஊரில் விலை அப்படி இல்லை. டீ 15, பஜ்ஜி 10, பிரியாணி 180. எம்ஆர்பி-யிலேயே வரி அடக்கம். கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை எல்லாம் சமமாக வந்தால், ஒரு ஸ்கேனுக்குச் சராசரியாக நாலரை ரூபாய் மிஞ்ச வேண்டும். ஆனால் பாதி விலைகள் பூஜ்ஜியத்தில் முடிகின்றன, நிறைய ஐந்தில் முடிகின்றன. என் செவ்வாய்க்கிழமையில் ஆறு ஸ்கேனுக்கு 20 ரூபாய், அதாவது சராசரி மூன்றரைக்கும் கீழே. அதுவும் மெட்ரோவில் க்யூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதத் தள்ளுபடி தருவதால் 40 ரூபாய் டிக்கெட் 32 ஆனது. முழு விலை கொடுத்திருந்தால் அங்கேயும் பூஜ்ஜியம்தான்!

சரி, கணக்குப் போடுவோம்

ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்றால் வருடத்துக்கு 7,300. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கிடப்போம், ஊருக்குப் போனால் அம்மா செலவு செய்ய விடமாட்டார். அதையெல்லாம் கழித்துவிட்டு மாதம் 500, வருடம் 6,000 என்று வைத்துக்கொள்வோம்.

டூர் செலவு? அம்மா, அப்பா, நான் என மூன்று பேர், ரயிலில் மேட்டுப்பாளையம் போய் ஊட்டியில் இரண்டு ராத்திரி தங்க நான் போட்டு வைத்திருக்கும் பட்ஜெட் 18,000 ரூபாய். ரயில், ரூம், உள்ளூர் வண்டி, சாப்பாடு எல்லாம் இதில் அடக்கம். சாக்லேட், தைலம் அடங்காது. உங்கள் பட்ஜெட் இதைவிடக் கூடலாம், குறையலாம். 2024 மே மாதத்தில் இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். அது இலவசம், அதனால் பட்ஜெட்டில் இடம் வேண்டாம்.

18,000-ல் 6,000 என்பது மூன்றில் ஒரு பங்கு. சில்லறைச் சேமிப்பு என்னை மேட்டுப்பாளையம் வரை கூட்டிப்போய்விடும், அதற்கு மேல் மலை ஏற்றாது.

இதில் ஒரு அடிப்படைச் சிக்கலும் இருக்கிறது. எவ்வளவு சேர்கிறது என்பதை நீங்கள் எத்தனை முறை செலவு செய்கிறீர்கள் என்பது முடிவு செய்கிறது. டூருக்கு எவ்வளவு வேண்டும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சிக்கனமாக இருக்கும் மாதத்தில் சேமிப்பு குறையும், ஸ்விக்கியில் தாராளமாக ஆர்டர் போட்ட மாதத்தில் கூடும். விசித்திரமான உண்டியல்!

அந்த 20 ரூபாய் எங்கே போகிறது?

பெரும்பாலானோர் கவனிக்காத இடம் இதுதான். இந்தியாவில் இப்படிச் சேரும் சில்லறை பெரும்பாலும் சேமிப்புக் கணக்குக்குப் போவதில்லை. 'டிஜிட்டல் தங்கம்' வாங்கப் போகிறது. 'தங்கம்தானே, ஏறிட்டேதானே இருக்கு' என்று தோன்றும். 2025-ல் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் தப்பும் இல்லை.

ஆனால் தங்கம் வாங்கினால் 3 சதவீதம் ஜிஎஸ்டி. நீங்கள் போட்ட 6,000 ரூபாயில் தங்கமாக மாறுவது சுமார் 5,825 ரூபாய்தான். மீதி 175 வரி. அடுத்து, ஆப் உங்களுக்கு விற்கும் விலையும் உங்களிடம் இருந்து வாங்கும் விலையும் ஒன்றல்ல. அந்த இடைவெளி 3 சதவீதம் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், தங்கம் விலை அசையாமல் இருக்கும்போது நீங்கள் விற்றால் கைக்கு வருவது 5,650. போட்டதில் 350 ரூபாய் காலி. போட்ட காசை எடுக்கவே தங்கம் 6 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். லாபத்தில் விற்றாலும், இரண்டு வருடத்துக்குள் என்றால் அந்த லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி வரம்புக்குள் வரும்.

இன்னொரு விஷயம். 2025 நவம்பர் 8 அன்று செபி ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. ஆன்லைனில் விற்கப்படும் டிஜிட்டல் தங்கம் தங்கள் கட்டுப்பாட்டுக்குள் வரவில்லை, அதில் பிரச்னை வந்தால் பங்குச்சந்தை முதலீட்டாளர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு இதற்குக் கிடையாது என்பது அதன் சாரம். எல்லா ஆப்பும் மோசம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஏதாவது தவறினால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் சிக்கல். பத்து வருடம் கழித்து நகை வாங்கும் திட்டம் என்றால் தங்கத்தைப் பற்றி யோசிக்கலாம். வரும் மே மாதம் ஊட்டிக்கு ரூம் போட வேண்டிய பணத்தை, மார்ச்சில் விலை இறங்கினாலும் விற்றே ஆக வேண்டிய இடத்தில் வைப்பானேன்?

பற்றாக்குறையை யார் கட்டுவது?

சில்லறை சேர்ப்பதால் நஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் 'டூருக்குச் சேர்த்துக்கிட்டுதான் இருக்கோம்' என்ற நிம்மதி இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். டிக்கெட் போடும் நாளில் பார்த்தால் 6,000 இருக்கும். மற்ற செலவுக்கு கிரெடிட் கார்டு கை நீட்டும்.

என் ரூம்மேட் போன வருடம் மூணாறு போய் வந்தது இப்படித்தான். திரும்பி வந்து 'மினிமம் டியூ' மட்டும் கட்டினான். போட்டோக்களை எல்லாரும் மறந்த பிறகும் பில் வந்துகொண்டே இருந்தது.

கார்டில் பாக்கி வைத்தால் மாத வட்டி 3.5 சதவீதம் என்பது சாதாரணம். முழு 18,000-மும் பாக்கி நின்றால் ஒரு மாத வட்டி 630 ரூபாய். வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 113 ரூபாய். ஆக 743. ஒரு மாதம் முழுக்கச் சேர்த்த சில்லறை 500 என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. டீ கூட வட்டிக்குக் குடிப்பதாகிவிடும்.

அப்போ என்னதான் செய்வது?

கணக்கைப் பின்னால் இருந்து போடுவதுதான் சரி. 18,000 வேண்டும், சில்லறையில் 6,000 வரும், மீதி 12,000. பன்னிரண்டு மாதத்துக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கி ஆர்டி. 6 சதவீத வட்டி என்று வைத்தால் சுமார் 390 ரூபாய் கூடவே வரும். முடிந்தது கணக்கு. சம்பளம் வந்த மறுநாள் ஆர்டிக்குப் பணம் போகும்படி வைத்துவிட்டால், உண்டியலின் அந்தப் பழைய தடை திரும்பி வந்துவிடும். அதையும் உடைக்கலாம்தான், ஆனால் வட்டி கொஞ்சம் குறையும் என்ற நினைப்பு கையைப் பிடிக்கும். தபால் அலுவலக ஆர்டி மாதம் 100 ரூபாயில் இருந்து தொடங்கலாம், வட்டியும் 6.7 சதவீதம். ஆனால் அது ஐந்து வருடத் திட்டம், அடுத்த லீவுக்கு உதவாது.

சில்லறைக்கு ஆப் இல்லாமலும் வழி இருக்கிறது. புழக்கமில்லாத இன்னொரு சேமிப்புக் கணக்கு பெரும்பாலானவர்களிடம் இருக்கும், பழைய கம்பெனி திறந்து கொடுத்ததாவது இருக்கும். அதில் மினிமம் பேலன்ஸ் பிடிக்கிறார்களா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யுபிஐ பட்டியலைத் திறந்து, அந்த வாரத்துச் சில்லறையைக் கூட்டி, ஒரே தடவையாக அங்கே அனுப்புங்கள். ஐந்து நிமிட வேலை. முக்கியமாக, அந்தக் கணக்கை எந்த யுபிஐ ஆப்பிலும் பணம் அனுப்பும் கணக்காக இணைக்காதீர்கள். நான் இரண்டு மாதமாக இப்படித்தான் செய்கிறேன். பட்டியலைப் பார்க்கும்போது வரும் அதிர்ச்சி தனி போனஸ்.

ஆப்தான் வசதி என்றால், ஆட்டோபேக்கு அனுமதி கொடுக்கும்போது திரையில் வரும் உச்சவரம்பைப் படியுங்கள். தினம் 20 ரூபாய் போகும் என்று நினைத்து, அதைவிடப் பல மடங்குக்கு அனுமதி கொடுத்திருக்கலாம். வேண்டாம் என்றால் உங்கள் யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பகுதியிலேயே ரத்து செய்யலாம். சேமிப்பு ஆப்பை மட்டும் போனில் இருந்து அழித்தால் அந்த அனுமதி தானாக ரத்தாகாது.

தேதி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. மே மாத டூருக்கு மார்ச்சிலேயே டிக்கெட் காசு கையில் இருக்க வேண்டும். அதனால் ஆர்டியை மார்ச் தொடக்கத்திலேயே போட்டால்தான் அடுத்த மார்ச்சில் பணம் வரும். ஏப்ரலில் போட்டால் பணம் வருவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

நிஜ உண்டியல் வைத்திருப்பவர்களுக்கு

இன்னமும் பல வீடுகளில் டப்பா நிறைய நாணயம் இருக்கிறது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-லேயே செல்லாமல் போய்விட்டன, அவை ஞாபகார்த்தம் மட்டுமே. 50 பைசா சட்டப்படி இன்றும் செல்லும், டீக்கடையில் நீட்டித்தான் பாருங்களேன். 10 ரூபாய் நாணயத்தில் 14 டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே தெளிவாகச் சொல்லியும், 'இது வாங்க மாட்டோம் தம்பி' என்பது இன்னும் பல ஊர்களில் கேட்கிற குரல்தான்.

டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு ஊட்டிக்குப் போய்விடாதீர்கள். 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாய், அதற்கு மேற்பட்ட நாணயங்கள் 1,000 ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லும் பணம். அதற்கு மேல் நாணயமாகக் கொட்டினால் லாட்ஜ்காரர் வேண்டாம் என்று சொல்லலாம். வங்கியில் போடுவதற்கு அப்படி வரம்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பத்து பத்தாக அடுக்கி, எண்ணி, டிக்கெட் போடும் வாரத்துக்கு முன்பே கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். கவுன்ட்டரில் முறைப்பார்கள். பரவாயில்லை.