எட்டு மணி நேரத் தூக்கமும் ஆறிப்போன வெட்டுக்காயமும்

ரொம்ப நாளா திட்டணும்னு நினைச்சுக்கிட்டிருந்த விஷயம் இது. மேசையைச் சுத்தி நாலஞ்சு பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமா பேசி ஆடுற கதை விளையாட்டுகள் பத்தி. பழக்கமில்லாதவங்க ஓடிடாதீங்க, கணக்கு கொஞ்சம்தான்.

இந்த வகையில மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதி வெளிவந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஹிட் பாயிண்ட் என்று ஒரு எண் உண்டு. அடி விழுந்தா குறையும், பூஜ்யம் ஆனா ஆள் சாய்ஞ்சுடுவார். சரி, குறைஞ்சது எப்படி ஏறும்? அங்கதான் என் வயித்தெரிச்சல் ஆரம்பம்.

2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் 'லாங் ரெஸ்ட்' என்று எட்டு மணி நேர ஓய்வு. ஐம்பது புள்ளியில ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருந்தா போதும், படுத்து எழுந்தா ஐம்பதும் வந்துடும். மருந்தும் வேணாம், கட்டும் வேணாம். 2024ல் திருத்தின விதியிலயும் இதே கதைதான். ஒரே பாட்டுல பணக்காரன் ஆகிற நம்ம ஹீரோவே தேவலை, அவராவது பாட்டு முடியறவரைக்கும் மூட்டை தூக்குவார்.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் தயாரா இருக்கும். "ஹிட் பாயிண்ட் என்பது சதையும் ரத்தமும் இல்லை, அது அதிர்ஷ்டம், திறமை, தாக்குப்பிடிக்கிற தெம்பு எல்லாம் சேர்ந்தது." ஆமாங்க, கைகாக்ஸே 1979ல் ஆட்டத்தை நடத்துறவருக்கான கையேட்டில் அப்படித்தான் எழுதினார். ஆனா அதே மனுஷன் அதே புத்தகத்துல வேற என்ன எழுதினார்? ஒரு நாள் முழு ஓய்வுக்கு ஒரு புள்ளி. எவ்வளவு அடிபட்டிருந்தாலும் நாலு வாரம் தொடர்ந்து படுத்திருந்தா முழுசா தேறலாம். பூஜ்யத்துக்குப் போய் மீண்டவர் குறைஞ்சது ஒரு வாரம் படுக்கையில கிடக்கணும். சாதாரண குணமாக்கும் மந்திரம் போட்டாலும் அந்த ஒரு வாரம் கட்டாயம். ரொம்ப மோசமா விழுந்தவருக்குத் தழும்பு போடலாமா, ஒரு உறுப்பையே எடுத்துடலாமா என்பதை ஆட்டத்தை நடத்துறவர் முடிவு பண்ணிக்கலாம். ஆக, புள்ளியை அதிர்ஷ்டம்னு சொன்னவரே அது திரும்பி வர வாரக்கணக்கு வச்சார். அவர் பேரைச் சொல்லி எட்டு மணி நேரத்தை நியாயப்படுத்துறது என்ன நியாயம்?

இன்னொரு வேடிக்கை. ஹிட் பாயிண்ட் என்ற யோசனையே அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கப்பல் சண்டைக்காகத் தான் எழுதின விதிகளிலிருந்து எடுத்தது என்று ஆர்னெசன் சொல்லியிருக்கார். ஓட்டை விழுந்த கப்பல்கூட துறைமுகத்துக்குப் போய் நின்னாதான் சரியாகும். கப்பலுக்கு இருக்கிற கஷ்டம்கூட மனுஷனுக்கு இல்லாம போச்சு!

இது ஒரே நாள்ல நடக்கல. 2000த்தில் மூன்றாம் பதிப்பு வந்தப்போ, நீங்க எத்தனாவது லெவலோ அத்தனை புள்ளி ஒரு ராத்திரிக்கு. 2008ல் நான்காம் பதிப்பில் ஆறு மணி நேரத்துல முழுசா. கைகாக்ஸ் காலத்துலயும் க்ளெரிக்னு ஒரு பூசாரி பாத்திரம் கூட இருந்தா ரெண்டு மூணு நாள்ல தேத்திடலாம்தான், ஒத்துக்கறேன். அதனால அந்த க்ளெரிக்கை ஆடுறவர் எப்பவும் கம்பவுண்டர் வேலை பார்க்கவேண்டியதாச்சு. அந்தக் கொடுமையைத் தீர்க்கத்தான் மாத்தினாங்க. நோக்கம் நல்லது. தலைவலிக்குத் தலையையே எடுத்துட்டாங்க.

சண்டைக்குள்ள நடக்கிற கூத்தைப் பாருங்க. உங்க வீரன்கிட்ட அஞ்சு புள்ளிதான் பாக்கி. எதிர்ல ஓகர் என்ற ராட்சசன், ஒரு அடிக்குச் சராசரியா 13 புள்ளி. 2014 விதிப்படி ஒரு சின்ன மந்திரம் தோராயமா அஞ்சு புள்ளி தரும். முன்கூட்டியே போட்டா பத்தாகும், அடி விழும், ஆள் சாய்வார், மந்திரம் வீண். விழற வரைக்கும் சும்மா இருந்தா? அஞ்சு பூஜ்யமாகும், மிச்சம் எட்டுப் புள்ளி அடி காத்தோட போயிடும், ஏன்னா பூஜ்யத்துக்குக் கீழ கணக்கே கிடையாது. அப்புறம் மந்திரம் போட்டா அஞ்சு புள்ளியோட எழுந்து நிப்பார். அதனால புத்திசாலித்தனமான ஆட்டம் எது தெரியுமா? நண்பன் சாயற வரைக்கும் வேடிக்கை பார்க்கிறது! எங்க மேசையில ஒரே சண்டையில நாலு தடவை விழுந்து எழுந்த வீரன் உண்டு. தஞ்சாவூர் பொம்மைன்னு பேர் வச்சோம். 2024ல் மந்திரத்தின் பகடையை ரெண்டாக்கினாங்க. பூஜ்யத்துக்குக் கீழ போற அடி இன்னமும் காத்தோடதான் போகுது.

டிராகனுக்கும் இதே விதிதான். அதை வெட்டிச் சாய்க்கிற நேரத்துல தப்பிப் பறந்துடுதுன்னு வைங்க. ரத்தத் தடம் பார்த்து, ரெண்டு நாள் மலையேறி, குகையில அடிபட்டுக் கிடக்கிறதைக் கண்டுபிடிக்கிற கதை இருக்கே, அதைவிட நல்ல கதை எது? விதிப்படி எட்டு மணி நேரத்துல அது குண்டுக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும். துரத்துறதுக்கு அர்த்தமே இல்லை.

உடனே இன்னொரு கோஷ்டி வரும். "அப்போ வலியைக் கொண்டு வா, அடிபட்டா பகடையைக் குறை." வேண்டவே வேண்டாம் சாமி. 1991ல் வந்த வேம்பயர் ஆட்டத்தில் அப்படித்தான், அடிபட அடிபட உருட்டுற பகடை குறையும். முதல் அடி வாங்கினவன் அடுத்த அடியும் வாங்குவான், அப்புறம் தோக்கிறதை உட்கார்ந்து பார்க்கணும். நான் கேட்கிறது வலி இல்லை. நாள்.

கிரெக் ஸ்டாஃபோர்டின் பெண்ட்ராகன் (1985) இதை அழகா செய்யுது. ஆர்தர் அரசர் காலத்து வீரர்கள், பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு சாகசம், உடம்பு தேறுற கணக்கு வாரத்துக்கு இவ்வளவு. பெரிய காயம் பட்டவர் கோடை முழுக்கப் படுத்திருக்க, போர் அவர் இல்லாமலே நடக்கும். ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் (2017) வேற வழி. அங்க காயத்துக்கு எண்ணே கிடையாது, 'கால் முறிஞ்சது' என்று வார்த்தையில எழுதணும். ஒரு திருட்டு முடிஞ்சதும் ரெண்டே வேலைக்கு நேரம். வைத்தியம் பார்த்தா வேற ஏதோ ஒண்ணு நின்னு போகும். குணமாகிறதுக்கு இங்கெல்லாம் ஒரு விலை இருக்கு, அந்த விலையைப் பத்தி மேசையில பேச்சு நடக்கும்.

ஐந்தாம் பதிப்பு கையேட்டிலயே லாங் ரெஸ்ட்டை ஏழு நாளாக்கிற விருப்ப விதி இருக்குன்னு யாராவது பின்னூட்டம் போடுவீங்க, தெரியும். இருக்கு. ஆனா அதுல மந்திரவாதியோட மந்திரமும் ஏழு நாள் கழிச்சுத்தான் திரும்பி வரும். காயத்தை ஆற வைக்கச் சொன்னா மொத்த ஆட்டத்தையும் படுக்க வைக்கிறாங்க.

அதனால எங்க மேசையில 1979ன் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்து ஒட்டினோம்: பூஜ்யத்துக்குப் போனவர் ஒரு வாரம் படுக்கணும். மூணு ஆட்டம் ஆகுது. க்ளெரிக் இப்ப நண்பன் விழறதுக்கு முன்னாடியே ஓடி வர்றார். போன தடவை அஞ்சு புள்ளி பாக்கி இருந்தப்போ நம்ம தஞ்சாவூர் பொம்மை முதல் தடவையா "பின்வாங்கலாமா?"ன்னு கேட்டார். ரெண்டு பேர் இன்னும் என்னைத் திட்டிக்கிட்டிருக்காங்க. திட்டட்டும், ஆட்டத்துக்கு வர்றாங்கல்ல :-)