எலுமிச்சைக்குக் காலண்டர் தெரியாது

ஏப்ரல் கடைசியில் ரெண்டு நாள் வெயில் அடித்தால் போதும், ஸ்கார்பரோவில் நம்மாட்கள் வீட்டு எலுமிச்சைத் தொட்டியெல்லாம் வெளியே வந்துவிடும். கேட்டால், "கடைசி உறைபனித் தேதி மே முதல் பாதிதானே சார், ஒரு வாரம் முன்னே பின்னே இருந்தா என்ன?" என்பார்கள்.

என்னவா? அது சராசரித் தேதி ஐயா! ஏறக்குறைய பாதி வருஷங்களில் அதற்குப் பிறகும் உறைபனி வந்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். மாச சராசரி இருப்பு பத்தாயிரம் என்றாலும், செக் வந்த அன்று கணக்கில் ஐம்பது ரூபாய் இருந்தால் செக் திரும்பத்தான் செய்யும். இருபது வருஷமாக பேங்கில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நம்மைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. நான் வளர்ந்த கல்லாற்றிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவு ஏறிப் பொன்முடிக்கே போனாலும் மூடுபனிதான், உறைபனி கிடையாது. அம்மா வீசிய விதை கொல்லையில் தானே மரமானது. அதையும் பனி என்போம், இதையும் பனி என்போம். இலையைக் கருக்குவது எது என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஃப்ளோரிடாக்காரர்களுக்கே தெரியவில்லை. 1894 டிசம்பர் உறைபனியில் பழமும் இலையும் போயின, மரங்கள் பெரும்பாலும் பிழைத்தன. ஜனவரி வெயிலில் துளிர்த்தன. 1895 பிப்ரவரியில் இரண்டாவது உறைபனி வந்து, அந்த இளந்துளிரோடு மரத்தையே கொன்றது. குளிரைவிட நடுவில் வந்த வெயில்தான் வில்லன். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் சூட்டில் துளிர்விட்ட உங்கள் தொட்டிச் செடியும் அதே நிலைமையில்தான் இருக்கிறது. (அதைத் தோட்டத்து மண்ணில் நடப் போகிறேன் என்பவர்களிடம் நான் பேசுவதில்லை. டொராண்டோ ஜனவரி பேசிக்கொள்ளும்.)

இன்னொன்று, ரேடியோவில் 2 டிகிரி என்றால் நிம்மதியாகத் தூங்காதீர்கள். தெர்மாமீட்டர் ஆள் உயரத்தில் இருக்கிறது. காற்றில்லாத, மேகமில்லாத ராத்திரியில் தரை அதைவிடக் குளிரும். உறைபனி விழும்.

விக்டோரியா நாள் வார இறுதி வரை பொறுங்கள். அப்போதும் தேதியைப் பார்க்காமல் ராத்திரியைப் பாருங்கள். தொடர்ந்து 10 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் முதலில் நிழலில் ஒரு வாரம் வையுங்கள், பிறகு வெயில். நம்மூர் எலுமிச்சை, கடையில் விற்கும் மேயர் எலுமிச்சையைவிடக் குளிருக்குப் பயந்தது. செப்டம்பரில் ராத்திரி மறுபடி 10க்கு இறங்கியதும் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

நானும் ஒரு வருஷம் அவசரப்பட்டுக் கருக்கியவன்தான். இப்போது எங்கள் தொட்டி இன்னும் ஜன்னலோரம்தான். போகிறபோதும் வருகிறபோதும் காலில் இடிக்கிறது என்று வீட்டுக்காரம்மா திட்டிக்கொண்டிருக்கிறாள்.