டிஷ்யூ கன்றுக்கு அட்டை எங்கே? பில் எங்கே?



2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் அடித்தது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் கரை புரண்டு வந்தது. நெல், கரும்பு, வாழை எல்லாம் போச்சு. கடனை உடனை வாங்கித்தான் மறுபடி கொல்லையில் இறங்கினோம்.

இப்போது வாழைக்கன்று வேணும்னா, வண்டியில் ஜி-9 டிஷ்யூ கன்று வந்து இறங்குது. "பாட்டில்ல வளர்ந்த செடிங்க, நோயே வராது" என்கிறார்கள். பில் கேட்டால் துண்டுச் சீட்டு!

டிஷ்யூ கன்று கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நல்ல தாய்வாழையின் குருத்தை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பாட்டிலுக்குள் வளர்த்து, ஒன்றைப் பலவாகப் பிரித்து, நிழல்வலைக் குடிலில் பழக்கித் தருகிறார்கள். கிழங்கு வண்டும் நூற்புழுவும் கூடவே வராது. தார் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தள்ளும். கலப்பின காபியின் விதையைப் போட்டால் தாய்ச்செடி மாதிரியே வராது என்பதால், நடு அமெரிக்காவில் அதையும் இப்படித்தான் இலைத்துண்டிலிருந்து பெருக்குகிறார்கள்.

ஆனால் வைரஸ் பாட்டிலுக்குள்ளும் வரும். தாய்வாழையில் முடிக்கொத்து நோய் இருந்தால், அதிலிருந்து எடுத்த ஆயிரம் கன்றுக்கும் அது போகலாம். வாங்கும்போது கன்று பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். பிறகு அசுவினி அந்த நோயைப் பக்கத்துக் கொல்லைக்கும் கொண்டுபோகும்.

பழனி மலைச்சரிவில் காபியோடு சேர்த்து வளர்த்த விருப்பாட்சி வாழையை 1970களில் நாசம் செய்தது இந்த நோய்தான். அதை மீட்க உதவியதும் திசு வளர்ப்புதான். எப்படி? தாயைச் சோதித்து, வைரஸ் இல்லாததை மட்டும் எடுத்துப் பெருக்கினார்கள். சோதித்த கன்று மலையை மீட்டது. சோதிக்காத கன்று நம்ம கொல்லையைக் கெடுக்கும்!

சோதிக்க வழி இல்லையா? இருக்கு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006லேயே திசு வளர்ப்புக் கன்றுக்குச் சான்று முறை கொண்டுவந்தது. வைரஸ் இல்லை, ரகம் மாறவில்லை என்று பார்த்துத்தான் சான்று அட்டை தர வேண்டும். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் சோதனை வசதி இருக்கு. அந்த அட்டை ஏன் நம்ம ஊர் வரைக்கும் வரவில்லை?

ஆறடிக்கு ஆறடி வைத்தால் ஏக்கருக்கு 1,200 கன்று. தார் தள்ளுமா என்பது ஏழெட்டு மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரை போட்ட உரமும் கூலியும் யார் தருவார்கள்?

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் பில் வேணும்!

புதுச்சேரி அரசே!

1. சான்று அட்டை இல்லாத டிஷ்யூ கன்று விற்பனையைத் தடை செய்!
2. வைரஸ் சோதித்த கன்றை உழவர் உதவியகத்திலேயே மானிய விலையில் கொடு!
3. கன்று கெட்டால் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானிகளை 15 நாளில் கொல்லைக்கு அனுப்பி அறிக்கை கொடு!

தோழர்களே! இதெல்லாம் நடக்கும்வரை நாம் செய்ய வேண்டியது ஒன்று. தனித்தனியாக வாங்காதீர்கள். பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.

அட்டை இல்லையா, கன்று வேண்டாம்!
பில் இல்லையா, பணம் கிடையாது!

கரையாம்புத்தூர் உழவர்களே, ஒன்றுபடுவோம்!