லக்கானும் ஒரு வவுச்சரும்

பி.காம். படித்தவனுக்கு லக்கான் எதற்கு என்று கேட்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

மாற்றலில் கொல்கத்தா வந்து இரண்டு வருஷம். குடும்பம் திருச்சியில். 1922லேயே கிரீந்திரசேகர் போஸ் உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கிய ஊராச்சே என்ற வீறாப்பில், காலேஜ் ஸ்ட்ரீட்டில் லக்கானின் கட்டுரைத் தொகுப்பை ஆங்கிலத்தில் வாங்கிவிட்டேன். முப்பது பக்கம் தாண்டியும் ஒரு மண்ணும் புரியவில்லை.

இங்கேதான் நம் ஆட்கள் இரண்டு கட்சி. புரியாததாலேயே மகா ஞானம் என்பது ஒன்று. எல்லாம் ஜல்லி என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம் என்பேன்.

பேங்க்கில் ஒரு எண்ட்ரி புரியவில்லை என்றால் வவுச்சரை எடுத்துப் பார்ப்போம். கோட்பாட்டுக்கும் வவுச்சர் உண்டு. யாரோ ஒருவர் ஏதோ செய்ததை, பக்கத்திலிருந்து பார்த்து எழுதிய குறிப்பு. லக்கான் 1953 ரோம் உரையில் ஒரு குழந்தையின் விளையாட்டைத் தொட்டுப் பேசுகிறார். அதன் வவுச்சர் ஃபிராய்டு 1920இல் எழுதிய 'இன்பக் கொள்கைக்கு அப்பால்' நூலில் இருக்கிறது.

ஒன்றரை வயதுப் பேரன். அம்மா விட்டுவிட்டுப் போனாலும் அழமாட்டான். நூல் கட்டிய மர உருளையைத் திரை போட்ட தொட்டிலுக்குள் வீசி 'ஓ...' என்பான். இழுத்தெடுத்து 'டா' என்பான். 'போச்சு', 'இதோ' என்று அர்த்தம் கொள்கிறார் ஃபிராய்டு. தடுக்க முடியாத பிரிவைக் குழந்தை தானே நடத்திப் பார்க்கிறதாம். லக்கானுக்கு முக்கியம் அந்த இரண்டு ஒலிகள். இல்லாத ஒன்றுக்குப் பதிலாகச் சொல் வந்து நிற்பது அங்கேதான். இதைப் படித்தபின் லக்கானின் அந்தப் பக்கம் ஓரளவு திறந்தது.

புத்தகத்தை மூடியதும் ஞாபகம் வந்தது என் பையன். எட்டு வயது. தினமும் வீடியோ காலில் நான் முடிக்குமுன் "சரிப்பா, வைக்கிறேன்" என்று டக்கென்று கட் பண்ணிவிடுவான். மரியாதை தெரியாத பயல் என்று இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உடனே எண்ட்ரி போட்டுவிடவில்லை. ஒரே ஒரு வவுச்சரை வைத்து பேலன்ஸ் ஷீட் பாஸ் பண்ண முடியாது. இப்படி ஒற்றை நிகழ்வை வைத்து உறுதியாக முடிவுக்கு வர முடியாது என்று ஃபிராய்டே அங்கே எழுதியிருக்கிறார். பையனுக்கு கார்ட்டூன் அவசரமாகவும் இருக்கலாம்.

ஆனால் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

என் கட்சி இவ்வளவுதான்: புரியவில்லை என்று வெட்கப்படாதீர்கள், புரிந்ததாக நடிக்காதீர்கள், வவுச்சரைக் கேளுங்கள். இப்போது முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறேன்.