கவுட் நோயாளியைக் கேலி செய்யலாமா?

கால் பெருவிரல் மூட்டு ஒரே இரவில் வீங்கிச் சிவக்கிறது. போர்வை பட்டாலும் உயிர் போகிறது. இதுதான் கவுட். "தின்று கொழுத்ததன் பலன்" என்று ஏளனம் செய்வோர் உண்டு. மாணவர்களே, நீங்கள் அப்படிச் சொல்லாதீர்கள். இறைச்சியும் மதுவும் நோயைத் தூண்டுவது மெய்யே. ஆனால் பெரும்பாலோரிடம் மூலக்குறை சிறுநீரகத்தில் இருக்கிறது. அது யூரிக் அமிலத்தைப் போதிய அளவு வெளியேற்றுவதில்லை. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. பசுவுக்கும் பூனைக்கும் இந்த அமிலத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. மனித இனத்தின் மூதாதைகளோ அதை என்றோ இழந்துவிட்டன! மிஞ்சும் அமிலம் ஊசிப் படிகங்களாக மூட்டில் படிகிறது.

கால்ச்சிசின் (நம் செங்காந்தளிலுள்ள அதே நஞ்சுதான்) சிறு அளவில் வலியைத் தணிக்கும், படிகங்களைக் கரைக்காது. 1966-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அல்லோபியூரினால், அமிலம் உண்டாவதையே குறைக்கிறது. வலி நின்றதும் பலர் இதை நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் யாரேனும் அவ்வாறு செய்தால், மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். படிகங்கள் கரைய மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட ஆகும்.